ஜெர்மனியில் பத்து நாள் கார் பயணம்: எத்தனை ஊர் வைத்துக்கொள்ளலாம்?

பிராங்க்பர்ட்டில் இறங்கி ஹைடெல்பெர்க், பிளாக் ஃபாரஸ்ட், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, மியூனிக், டிரெஸ்டன், பெர்லின், ஹாம்பர்க் என்று பத்து நாளில் காரிலேயே ஒரு சுற்று வர முடியுமா, கூட அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் எட்டு வயதுப் பையனும் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஓட்டுவதை மட்டும் கணக்குப் போட்டால் முடியும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஜெர்மனி என்றால் ஆட்டோபான் (அங்கத்திய வேகச்சாலை) ஓரத்துத் தடுப்புச் சுவரும் பெட்ரோல் பங்க் கழிப்பறையும்தான் ஞாபகம் இருக்கும்.

முதலில் பெர்லின், ஹாம்பர்க், டிரெஸ்டன் மூன்றையும் அடித்துவிடுங்கள். அவை நல்ல ஊர்கள்தான், ஆனால் ரயிலில் போக வேண்டிய ஊர்கள். பெரிய நகரத்துக்குள் கார் ஒரு சுமை, பார்க்கிங் கட்டணம் தனி. பல நகரங்களின் மையத்துக்குள் நுழைய கண்ணாடியில் வண்டிப் புகை அளவுக்கான பச்சை ஸ்டிக்கர் வேறு வேண்டும் (வாடகைக் காரில் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). கார் எடுப்பதே ரயில் சரியாகப் போகாத சின்ன ஊர்களுக்காகத்தான். அந்த ஊர்களில் பகல் முழுக்க சுற்றுலா பஸ் கூட்டம், சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் ஆள் அரவம் குறைந்துவிடும். அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது, மற்றவர்கள் பகலில் பார்த்துவிட்டுக் கிளம்பும் ஊரில் நீங்கள் ராத்திரி தங்குங்கள். ஒரு ஊரில் குறைந்தது இரண்டு இரவு.

ஹைடெல்பெர்க்கும் பிளாக் ஃபாரஸ்டும்கூட இந்தத் தடவை வேண்டாம். உங்கள் பத்து நாளை நான் பிரித்தால் மோசல் ஆற்றங்கரை மூன்று இரவு, மதில் சூழ்ந்த பழைய ஊரான ரோத்தன்பர்க் இரண்டு, நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃப்யூஸன் பக்கம் மூன்று, கடைசியில் மியூனிக் ஒன்று. பிராங்க்பர்ட்டில் இறங்கி மியூனிக்கில் ஏறுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். முடிந்தால் வியாழக்கிழமை வந்து இறங்குங்கள், காரணம் கீழே சொல்கிறேன்.

ராத்திரி விமானத்தில் தூங்காமல் வந்து, வலது பக்கம் ஓட்டும் ரோட்டில் முதல் நாளே 400 கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. விமான நிலையத்திலிருந்து மோசல் கரையில் இருக்கும் கோகம் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே வைன் தயாரிக்கும் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அறை விடுவார்கள், கோகம் ஊருக்குள் தங்குவதைவிட பக்கத்துக் கிராமங்களில் அப்படி ஒரு அறை எடுப்பது மேல். மோசல் வளைந்து வளைந்து ஓடுகிற ஆறு. கோகமுக்குப் பக்கத்தில் ஒரு வளைவை ரயில் 4 கிலோமீட்டர் சுரங்கத்தில் நேராகக் கடந்துவிடும், ஆற்றோடு போனால் அதே இடத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் ஆற்றோடு போங்கள். வழியில் பைல்ஷ்டைன் என்ற துளியூண்டு ஊருக்கு எதிர்க்கரையிலிருந்து படகில் காரோடு கடக்கலாம், பையனுக்குப் பிடிக்கும். பிரெம் கிராமத்துக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் திராட்சைத் தோட்டம் ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தானவற்றில் ஒன்று, கீழே நின்று பார்த்தால் இதில் மனுஷன் எப்படி ஏறி அறுவடை செய்கிறான் என்று தோன்றும். இன்னொரு நாள் எல்ட்ஸ் கோட்டை. 800 வருஷத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில், போரில் இடிபடாமல் நிற்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்சம் இறங்கி நடக்க வேண்டும், அப்பா அம்மாவுக்குத் திரும்ப ஏறுவது சிரமமாக இருந்தால் சின்ன பஸ் ஓடுகிறது.

இப்போது அந்த வியாழக்கிழமை விஷயம். வியாழன் இறங்கினால் நான்காம் நாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிறு அன்று சூப்பர் மார்க்கெட் உட்பட கடைகள் மூடியிருக்கும். அதே ஞாயிறு ராத்திரி பத்து மணி வரை பெரிய லாரிகளுக்கும் ரோட்டில் தடை. ஆகவே நீண்ட தூரம் ஓட்டுவதை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் வலது பக்கத் தடத்தில் லாரி வரிசை இருக்காது, கடை மூடியிருப்பதும் உறுத்தாது. மோசலிலிருந்து ரோத்தன்பர்க் சுமார் 300 கிலோமீட்டர், நடுவில் வூர்ஸ்பர்க்கில் இறங்கி அரண்மனையைப் பார்த்துச் சாப்பிட்டுப் போகலாம். சனிக்கிழமையே பால், பழம், ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

ரோத்தன்பர்க்கில் காரை மதிலுக்கு வெளியே பி1 முதல் பி5 வரை இருக்கும் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். சீசனில் இரவு எட்டு மணிக்கு சந்தைச் சதுக்கத்திலிருந்து ஒருவர் இரவுக் காவலர் வேஷத்தில் ஈட்டியும் விளக்கும் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே கூட்டிப்போவார், பையனை அவசியம் கூட்டிப்போங்கள். காலையில் மதில்மேல் நடங்கள். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து ஊரின் ஒரு பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் போய்விட்டது. திரும்பக் கட்ட மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் சுவரில் கல்லில் இருக்கின்றன, ஜப்பானியப் பெயர்கள் உட்பட.

அங்கிருந்து தெற்கே போக ஏ7 ஆட்டோபானில் இரண்டரை மணி நேரம். அல்லது 'ரொமான்டிக் ரோடு'. 1950-இல் சுற்றுலாவுக்காக ஏற்கனவே இருந்த ரோடுகளைச் சேர்த்து வகுத்த வழி அது, வூர்ஸ்பர்க்கிலிருந்து ஃப்யூஸன் வரை. முழுவதும் அழகு என்று நினைக்காதீர்கள். டிங்கல்ஸ்ப்யூல், நோர்ட்லிங்கன், டோனாவோர்த் வரை அதில் வாருங்கள், ஆக்ஸ்பர்க்குக்குக் கீழே நான்கு தட வேகச்சாலைதான், அதைச் சட்டென்று ஓட்டிக் கடந்துவிட்டுக் கடைசியில் வீஸ் தேவாலயத்தில் நிறுத்துங்கள்.

நோர்ட்லிங்கனுக்கு மட்டும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 25 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்குள் இருக்கும் ஊர். தேவாலயக் கோபுரத்தில் 350 படி, ஏறினால் வட்டமான மதிலும் அதற்குள் நெருக்கியடிக்கும் சிவப்புக் கூரைகளும் தெரியும், தூரத்தில் சுற்றிலும் மேடு தெரிகிறதே, அதுதான் பள்ளத்தின் விளிம்பு. அந்தக் கோபுரத்தைக் கட்டிய கல்லே விண்கல் மோதலில் உருவான பாறை, கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத் துகள் அதில் உண்டு. அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் 1970-இல் இங்கே வந்து பாறை பார்க்கப் பயிற்சி எடுத்தார்கள் என்று பையனிடம் சொல்லுங்கள், படி ஏற முரண்டு பிடிக்க மாட்டான்.

நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு நேரம் குறித்த டிக்கெட், ஆன்லைனில் முன்னாடியே எடுங்கள். உள்ளே அரை மணி நேரம்தான், ஆனால் ஏற்றமும் படிகளும் உண்டு, குதிரை வண்டி பிடித்தாலும் கடைசித் தூரம் நடந்தாக வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஏரிக்கரையில் உட்காருவது ஒன்றும் நஷ்டமில்லை. மீதி இரண்டு நாளுக்குத் திட்டமே போடாதீர்கள்.

ஓட்டுவது பற்றி. ஆர்டிஓ-வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், இந்திய லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு, ஆட்டோமேட்டிக் கியர் என்று குறிப்பிட்டு முன்பதிவு, பையனுக்குக் குழந்தை இருக்கை (12 வயதுக்குள், 150 செ.மீ.க்குக் குறைவு என்றால் கட்டாயம்). ஆட்டோபானில் வலது பக்கமாக முந்தக் கூடாது. நம்மவர்கள் மாட்டுவது அங்கே இல்லை, கிராமத்தில். ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகைதான் அங்கே வேக வரம்பு, அதைத் தாண்டியதும் 50, வேறு போர்டு வைக்க மாட்டார்கள். குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் மறுபடி 100. பலகைக்குக் கொஞ்சம் தள்ளி கேமரா இருக்கும், அபராதம் போக வாடகை நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும். போர்டும் சிக்னலும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும், அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. காருக்குள் நீல நிற அட்டைக் கடிகாரம் ஒன்று கிடக்கும், இலவச பார்க்கிங்கில் நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியைக் காட்டும்படி திருப்பிக் கண்ணாடி ஓரம் வையுங்கள். 10.10-க்கு வந்தால் 10.30.

சாப்பாடு: மதியம் இரண்டு மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு கிடையாது, திரும்ப ஐந்தரைக்கு மேல்தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய். சைவம் என்றால் கேஸெ ஷ்பெட்ஸ்லெ கேளுங்கள், சீஸும் வதக்கிய வெங்காயமும் போட்ட நூடுல்ஸ் மாதிரி, ஆனால் குழம்பு ஊற்ற வந்தால் இறைச்சியில் செய்ததா என்று கேட்காமல் ஊற்ற விடாதீர்கள்.

எந்த மாதம் என்று சொல்லவில்லையே? மே, ஜூன், செப்டம்பர் என்றால் மேலே சொன்னது அப்படியே சரி. ஆகஸ்ட் என்றால் சனிக்கிழமைகளில் தெற்கே போகும் ஆட்டோபானில் ஏறாதீர்கள், விடுமுறைக்குப் போகிற மொத்தக் கூட்டமும் அங்கேதான் நிற்கும். டிசம்பர் என்றால் எல்ட்ஸ் கோட்டை மூடியிருக்கும், நாலரைக்கே இருட்டிவிடும், அப்போது மோசலை விட்டுவிட்டு ரோத்தன்பர்க்கில் ஒரு இரவும் மியூனிக்கில் இரண்டு இரவும் கூட்டிக்கொள்ளுங்கள்.