ஃபைல் சிங்க் ஆப்பைத் திறந்தால்தான் கோப்புகள் வருகின்றன, நோட்டிஃபிகேஷனும் தாமதம். ஆப் எழுதியவர்களுக்கு வேலை தெரியவில்லையா?

கேள்வியின் கடைசி வரி கொஞ்சம் சுட்டது. அப்படி ஆப் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

உங்களுடையது ஆண்ட்ராய்டு என்றே வைத்துக்கொள்கிறேன். ராத்திரி போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள், காலையில் கையில் எடுத்ததும் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டுகிறது. சரிதானே?

சில வருடங்களுக்கு முன், கட்டட சைட்டில் எடுக்கும் போட்டோக்களை ஆபீஸ் ஆட்களின் போனுக்குக் கொண்டுவரும் ஆப் ஒன்றைச் செய்தேன். என் டெஸ்ட் போனில் ஒரு குறையும் கிடையாது. மேனேஜர் போனில் மட்டும் ராத்திரி கான்கிரீட் போட்ட படம் விடிந்த பிறகுதான் வரும். சர்வர், நெட்வொர்க், என் கோடு என்று மூன்று வாரம் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், என் போன் எந்நேரமும் லேப்டாப்பில் கேபிளோடு செருகியே கிடந்திருக்கிறது! 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த 'டோஸ்' என்ற பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, சார்ஜ் ஏறும் போனைத் தொடாது. கேபிள் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களின் நெட்டைப் பிடுங்கும். அவ்வப்போது கொஞ்ச நேரம் திறந்துவிடும். கிடக்கக் கிடக்க அந்த இடைவெளியும் நீளும். கேபிளை உருவிய அன்று ராத்திரியே என் போனிலும் அதே கதை.

சர்வரிலிருந்து 'புஷ்' என்ற குட்டித் தகவலை அனுப்பி ஆப்பை எழுப்பலாமே என்பீர்கள். புஷ்ஷில் 4 கேபிதான் போகும். அது காலிங் பெல், பார்சல் இல்லை. சாதாரண முன்னுரிமையில் அனுப்பினால் அந்த மணியும் டோஸ் வழிவிடும்வரை காத்திருக்கும். நான் புத்திசாலித்தனமாக எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் அனுப்பினேன். திரையில் எதையும் காட்டாமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தால் கூகுள் அதைச் சாதாரணத்துக்கு இறக்கிவிடும். இறக்கியது.

'வாட்ஸப்புக்கு மட்டும் உடனே வருகிறதே' என்று யாராவது கிளம்புவீர்கள். அது வந்ததும் உங்கள் கண்ணில் படுகிற மாதிரி எதையாவது காட்டுகிறது ஐயா. சிங்க் சத்தமில்லாமல் நடக்க வேண்டிய வேலை. ஐபோன்காரர்களும் சிரிக்க வேண்டாம்: ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டால், நீங்களே மறுபடி திறக்கும்வரை, அல்லது போனை ரீஸ்டார்ட் செய்யும்வரை, சத்தமில்லாத புஷ் அதை எழுப்பாது.

என் கோடில் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது, ஆனால் இது அதனால் இல்லை. அந்த மூன்று வாரத்துக்கு அப்ரைசலில் எனக்குக் கிடைத்தது 'டைம் மேனேஜ்மென்ட் தேவை'. அதே காலாண்டில் லாகின் பட்டனுக்கு நிறம் மாற்றியவருக்கு விருது. அது போகட்டும்.

செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள். சில கம்பெனி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் தேடிப் போடுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால், ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.