3.4 லட்சம் ஸ்பீக்கருக்கு முன்னால் சோபாவை நகர்த்துங்கள்

கேள்வி: வணக்கமுங்க. எனக்கு 44 வயசு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், வீடு பெருமாநல்லூர். வீட்டுக்காரம்மா ஸ்கூல் டீச்சர். ரெண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு 1,18,000 வருதுங்க. வீட்டுக்கடன் தவணை 27,000, குடும்பச் செலவு 45,000, பொண்ணு பீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சராசரியா 14,000, சீட்டு 15,000. பேங்க்ல 1.2 லட்சம் இருக்கு. தீபாவளி போனஸ் 70,000 வரும். பொண்ணு ப்ளஸ் ஒன்.

நல்ல ஸ்டீரியோ செட்டு ஒண்ணு வீட்ல வைக்கோணும்னு ரொம்ப நாள் ஆசை. மாடியில 12க்கு 12 ரூமை அதுக்குன்னே ஒதுக்கிட்டேன். மூணு வருசத்துல 2,10,000 போயிருச்சு. புக்‌ஷெல்ப் ஸ்பீக்கர், டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்தற பெட்டி), 38,000க்கு கேபிள், 50 வாட் ஆம்ப்பை மாத்தி 100 வாட். அப்படியும் சில பாட்டுல பாஸ் கும்முனு அடைக்குது, பாட்டு வார்த்தையே புரியறதில்ல. கோயமுத்தூர்ல ஒரு கடையில டவர் ஸ்பீக்கர் கேட்டேன், மனசு நெறஞ்சு போச்சுங்க. 3,40,000, 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. ரொக்கம்னா 3,16,000. 3 லட்ச ரூபா ஏலச்சீட்டு, 20 மாசம், 14 கட்டியாச்சு, கமிஷன் 5%. அடுத்த ஏலத்துல 30,000 தள்ளினா எடுத்துரலாம். சீட்டெடுத்து வாங்கறதா, இஎம்ஐ போடறதா? இதை எங்க நிறுத்தறதுன்னும் சொல்லுங்க.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆசை தப்பில்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் ஸ்பீக்கர் உங்கள் ரூமில் இருக்கும் கோளாறைக் கூட்டும், குறைக்காது. முதலில் பணக் கணக்கு.

சீட்டை 15ஆம் மாதம் 30,000 தள்ளி எடுத்தால் கைக்கு 2,70,000. கடைசி மாதம் வரை பொறுத்தால் கமிஷன் 15,000 மட்டும் போய் 2,85,000. ஐந்து மாத அவசரத்துக்கு 15,000 கொடுக்கிறீர்கள். வருடக் கணக்கில் அது 13 சதவீதத்துக்கு மேல். எடுத்த பிறகும் 46,000 குறையும், அது பேங்க் பணத்திலிருந்து போகும். மிச்சம் 74,000. தவணை, குடும்பச் செலவு, பீஸ் சேர்த்து உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவே 86,000.

இஎம்ஐ இதைவிட மோசம். பெயர்தான் நோ காஸ்ட். ரொக்கத்துக்குக் கிடைக்கும் 24,000 தள்ளுபடியை விட்டுக்கொடுக்கிறீர்களே, அதுதான் வட்டி. வருடத்துக்கு 14 சதவீதம் சுமார். வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி தனியாக ஸ்டேட்மெண்டில் வரும், அது 4,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். செயல்பாட்டுக் கட்டணம் வேறு இருக்கலாம். இதையெல்லாம் விடுங்கள். மாதம் உங்களிடம் மிஞ்சுவது 17,000, தவணை 28,333. சீட்டு முடியும் வரை மாதம் 11,333 துண்டு விழும். அது கிரெடிட் கார்டில் பாக்கியாக நின்றால் மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி ஓடும்.

எக்ஸ்போர்ட் வேலையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் எப்படி நின்றது என்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆறு மாதச் செலவு, அதாவது 5.16 லட்சம், உங்கள் வீட்டில் தனியாக இருந்தே ஆக வேண்டும். இருப்பது 1.2 லட்சம்.

இனி ரூமுக்கு வருவோம். உங்கள் பாஸ் கோளாறின் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 12க்கு 12. சுவருக்குச் சுவர் 3.66 மீட்டர். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. அதை இரண்டு மடங்கு நீளத்தால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. அந்தச் சுரத்தில் ரூமே தம்புரா மாதிரி தானாக அதிரும். நீள அகலம் வேறாக இருந்தால் இந்த அதிர்வு இரண்டு இடங்களில் பிரிந்து விழும். சதுர ரூமில் இரண்டும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாஸ் கிடார் அந்தச் சுரத்தைத் தொடும் பாட்டில் அடைக்கும், தொடாத பாட்டில் அடைக்காது. "சில பாட்டுல" என்று நீங்கள் எழுதியது அதனால்தான். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர் என்றால் சத்தத்தைக் குடிக்க ரூமில் ஒன்றுமே இல்லை.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, போனை ஆம்ப்பில் இணைத்து, 47 ஹெர்ட்ஸ் வைத்து, ஆம்ப்பில் சத்தத்தைக் குறைவாக விட்டு ரூமுக்குள் நடங்கள். பின்சுவரில் முதுகு சாய்த்தால் காதை அமுக்கும். நடு ரூமுக்கு வந்தால் பாட்டுப்பெட்டியை அணைத்துவிட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்குக் காணாமல் போகும். மூலையில் குனிந்தால் வயிற்றில் உதைக்கும். உங்கள் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். டவர் ஸ்பீக்கர் உங்கள் இப்போதைய ஸ்பீக்கரைவிட ஆழமான பாஸ் கொடுக்கும். அது 47 ஹெர்ட்ஸில் இன்னும் அதிகமாகத்தான் ரூமுக்குள் தள்ளும். கடையில் நன்றாகக் கேட்டது கடையின் ரூம் வேறு என்பதால்.

எனவே ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச் சுவர்களிலிருந்து மூன்று மூன்று அடி தள்ளி வையுங்கள். நடுவில் ஆறு அடி இருக்கும். சோபாவைப் பின்சுவரிலிருந்து நாலரை அடி முன்னால் இழுங்கள். ஸ்பீக்கரும் நீங்களும் கிட்டத்தட்ட சம முக்கோணமாக அமைவீர்கள். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தம் தரும் சின்ன வட்டம், உட்கார்ந்த காதின் உயரத்தில், சுமார் 36 அங்குலத்தில் இருக்க வேண்டும். நாலரை அடி என்பது தொடக்கம் மட்டும். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள்.

அடுத்தது கிளாஸ் வூல் அல்லது ராக்வூல் பலகை. நாலுக்கு இரண்டு அடி, 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. இரண்டு பலகை சேர்த்து 100 மில்லிமீட்டராக ஒரு சட்டம், மொத்தம் 8 சட்டம், 16 பலகை. முன்பக்க இரண்டு மூலைகளில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டிரண்டு, மூலையைக் குறுக்கே மறித்து. பக்கச் சுவரில் ஒவ்வொன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு. பக்கச் சுவரில் எந்த இடம் என்பதற்கு மகளைக் கூப்பிடுங்கள். அவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் ட்வீட்டரைப் பார்க்கும் இடத்தில் சட்டம் வர வேண்டும். சட்டத்துக்குத் துணி உங்கள் ஊரிலேயே கிடைக்கிறது: பின்னலாடைத் துணி. வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வந்தால் சரியான துணி. பலகையைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், நார் தோலை அரிக்கும்.

இந்தச் சட்டங்கள் கைதட்டினால் வரும் எதிரொலியை அடக்கும், வார்த்தைகள் தெளியும். 47 ஹெர்ட்ஸை அடக்காது. அதன் கால் அலைநீளமே ஆறடி, அதை 100 மில்லிமீட்டர் நாரில் பிடிக்க முடியாது. அதற்கு உட்காரும் இடமும் ஈக்யூவும் (ஒவ்வொரு சுரத்தின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) தான் மருந்து. யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து, மேடாக நிற்கும் இடத்தை மட்டும் வெட்டுங்கள். பள்ளமாக இருக்கும் இடத்தை ஏற்றப் பார்க்காதீர்கள். அந்தப் பள்ளம் சுவர் செய்யும் வேலை. எவ்வளவு ஏற்றினாலும் ஆம்ப்பும் ஸ்பீக்கரும்தான் திணறும், பள்ளம் நிரம்பாது. தரைக்குப் பவானி ஜமுக்காளம் போடுங்கள், அடியில் பஞ்சு மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிசாக ஜமுக்காளம் மட்டும் விரித்தால் கீச்சுச் சத்தம் மட்டுமே குறையும். நாமக்கல் முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாஸுக்கு அது எதுவும் செய்யாது, தீப்பிடித்தால் ரூம் முழுக்கப் போகும்.

இவ்வளவுக்கும் மேல்வரம்பு 45,000. தச்சர் கூலி, மைக் உட்பட. போனஸில் இருந்து எடுங்கள், மீதி 25,000 தீபாவளிக்கு.

கேபிளிலும் ஆம்ப்பிலும் போன பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், வீட்டு வயரிங்குக்கு வாங்குவதே, ஐந்து மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர 0.07 ஓம் சுமார். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை. 50 வாட்டை 100 ஆக்கியதில் கூடியது 3 டெசிபல் மட்டும். சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். அந்தக் கேபிளை விற்க முடிந்தால் விற்றுவிடுங்கள், பாதி விலை வந்தாலே நல்ல விலை.

இப்போது எங்கே நிறுத்துவது. ரூம் வேலை முடிந்து இரண்டு மாதம் ஒரு பொருளும் வாங்காமல் கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள்: எந்தெந்தப் பாட்டை முழுசாகக் கேட்டீர்கள், எதை அரை நிமிடத்தில் மாற்றினீர்கள். அதே நாலு சோதனைப் பாட்டு திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் இன்னும் கருவியைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த நிலையில் எதையும் வாங்காதீர்கள்.

அதன் பிறகும் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறைத்துக் கேளுங்கள். ஆம்ப், டிஏசி, கேபிள் என்றால் இப்படி: 100 ஹெர்ட்ஸ் டோன் வைத்து ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் பிடித்து இரண்டையும் 1 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், வித்தியாசம் 0.01 வோல்ட்டுக்குள். சத்தம் துளி கூடினாலே காதுக்கு அது நல்லதாகப் படும், கடையில் பலர் ஏமாறுவது இங்கேதான். திரைக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா நாணயம் சுண்டி மாற்றி மாற்றி வைக்கட்டும். 10 முறையில் 9 சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை. குருட்டாம்போக்கில் அந்த மதிப்பெண் வர நூற்றுக்கு ஒரு வாய்ப்புதான். 6, 7 என்றால் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு இந்தச் சோதனை வேண்டாம், வித்தியாசம் எல்லோருக்கும் கேட்கும். அதை ஒரு வாரம் உங்கள் ரூமில் வைத்துக் கேட்கக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பணத்துக்கு ஒழுங்கு இது. மாதம் மிஞ்சும் 17,000இல் 4,000 பாட்டுக்கென்று தனி ஆர்டி. மீதி 13,000 அவசர நிதிக்கு. ஆறு மாதத்தில் 78,000 சேரும், அப்போது சீட்டுப் பணம் 2,85,000 வரும், பேங்கில் இருக்கும் 1.2 லட்சத்தோடு 4.83 லட்சம். இன்னும் மூன்று மாதத்தில் 5.16ஐத் தாண்டிவிடும். சீட்டு முடிந்ததும் அந்த 15,000 மகளின் கல்லூரிக்குத் தனி ஆர்டி. 14 மாதத்தில் 2,10,000 சேரும், மூன்று வருடத்தில் ஆடியோவுக்குப் போன அதே தொகை. வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பது அதற்குப் பிறகு.

பாட்டு ஆர்டி 6.5% வட்டியில் மூன்று வருடத்தில் 1.59 லட்சம் சுமார் ஆகும். அவசர நிதி நிறைந்து, முதல் வருடக் கல்லூரிப் பணம் கையில் இருந்து, பழைய ஸ்பீக்கரை விற்றும் ஆகிவிட்டால், அந்த ஆர்டியும் விற்ற பணமும் சேர்ந்த தொகைதான் உங்கள் அடுத்த ஸ்பீக்கரின் விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்காதீர்கள். பழையது வாங்குவதானால் கோனைச் சுற்றிய வளையம் ரப்பரா, போமா என்று பாருங்கள், போம் வருடங்கள் போனால் பொடிந்துவிடும். ஜப்பானிலிருந்து வந்த ஆம்ப் என்றால் 100 வோல்ட்டுக்கு உரியது, நம் 230இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

அடுத்த ஏலத்துக்குப் போனாலும் தள்ளிக் கேட்காதீர்கள். தச்சரைத் தீபாவளி கழிந்து கூப்பிடலாம். சோபாவை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே நாலரை அடி இழுத்துப் போட்டு, அடைத்த அதே பாட்டை வைத்துப் பாருங்கள்.