குடல் பற்றிக் கேளுங்கள்: குன்னூர் டாக்டரின் பதில்கள்

கோத்தகிரி ஆசிரியர்: குடல் மொத்தம் எத்தனை அடி சார்?

சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி, பெருங்குடல் 5 அடி. இது இறந்த உடலில் அளந்த கணக்கு. உயிரோடு இருக்கும்போது தசை இறுக்கத்தில் சிறுகுடல் இதைவிடக் குட்டையாகவே இருக்கும். உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது, முழு உணவுப்பாதைக்கும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது.

கூடலூர் வாசகர்: மாதம் ஒருமுறை பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவலாமா?

வேண்டாம். சிறுகுடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக உதிர்ந்து புதிதாகிறது. ஒட்டிக்கிடக்கும் பழைய அழுக்கு என்று அங்கே எதுவும் இல்லை. பேதியில் போவது உங்கள் உடம்பின் தண்ணீரும் உப்பும்தான்.

எஸ்டேட் தொழிலாளி ஒருவர்: கீரை, ராகி எல்லாம் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை டாக்டர்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறீர்களா அம்மா? இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல். அதன் நீளமே சுமார் 25 சென்டிமீட்டர்தான். கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்பை டீயின் துவர்ப்புப் பொருள் அங்கேயே பிடித்துக் கட்டிவிடும், ரத்தத்துக்குப் போகாது. கறியில் உள்ள இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தம் ஏறாது.

மேட்டுப்பாளையம் டிரைவர்: ஊட்டிக்கு ஏறினாலே வயிறு உப்புகிறது.

சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதே கதைதான். நீங்கள் கிளம்பும் இடம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் குடலில் உள்ள வாயு கால் பங்கு பெருக்கிறது.

ஊட்டி விவசாயி: இது கதை டாக்டர். வாயு பீன்ஸிலிருந்து வருவது. மலை என்ன செய்யும்?

பீன்ஸ், அவரையில் உள்ள சில சர்க்கரைகளைச் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடலில் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வாயு உண்டாவது பீன்ஸால், அது பெருப்பது மலையால். இரண்டும் உண்மை.

அதே விவசாயி: அப்படியென்றால் இங்கேயே இருக்கிற நாங்கள் பலூன் மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

பெருத்தது வெளியேறிவிடும் ஐயா. எந்த வழியாக என்று எழுத வேண்டுமா? ஏறும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் சிக்கல். டிரைவர் தம்பி, மதியம் அவரைக்காயைத் தவிர்த்துவிட்டு ஏறிப் பாருங்கள்.

குன்னூர் வாசகி: விளக்கெண்ணெயில் குடல் சுத்தம் செய்யலாமா?

கூடலூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பந்தலூர் வாசகர்: உப்புத் தண்ணீரில்?

எந்தத் தண்ணீரிலும் வேண்டாம்!

குந்தா வாசகர்: நெஞ்செரிச்சலுக்கு என்ன செய்வது?

அது இரைப்பை, உணவுக்குழாய் சமாசாரம். அதற்கான டாக்டரைப் பாருங்கள்.

இன்னொருவர்: இரும்பு மாத்திரை போட்டதிலிருந்து மலம் கருப்பாகப் போகிறது.

மாத்திரையால் அப்படி ஆகும், பயம் வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாறினால் உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள்.

கோத்தகிரி தேயிலைக்காரர்: நீலகிரியில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்கிறீர்களே!

குடிக்காதே என்று எங்கே சொன்னேன்? நானும் குடிக்கிறவன்தான். சோற்றுத் தட்டு பக்கத்தில் வேண்டாம், அவ்வளவுதான்.