பழைய ஆச்சா உத்தரத்தில் கதவு செய்யலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இடித்த பழைய வீட்டிலிருந்து இரண்டு ஆச்சா மர உத்தரங்கள் வாங்கினேன். வாசல் கதவு செய்ய ஆசை. "பிளேடு போகுது, ஸ்க்ரூ முறியுது, வேண்டாம் சார்" என்கிறார் தச்சர். என்ன செய்வது?

பதில்: மரத்தை விட்டுவிடாதீர்கள், கதவு எண்ணத்தை விட்டுவிடுங்கள். காய்ந்த ஆச்சா கன அடிக்குச் சுமார் 30 கிலோ, தேக்கு 18, 19தான். 7 அடிக்கு 3 அடி, ஒன்றரை அங்குலக் கனத்தில் முழுப்பலகைக் கதவு 80 கிலோ வரும், சாதாரணக் கீல் தாங்காது. நிலை, வாசற்படி, பட்டறை மேசையின் மேல்பலகை, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), உளிப்பிடி என்று கனமும் உறுதியும் வேண்டிய எதற்கும் கொடுக்கலாம். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் தேடி வாங்குவதும் இப்படிப் பழைய வீட்டில் கழித்த ஆச்சாவைத்தான். பச்சை மரம் பிறகு வெடித்துவிடும்.

அறுக்கும் முன் நான்கு பக்கமும் காந்தம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் பழைய ஆணிதான் பாதி பிளேடுகளைத் தின்கிறது. நீளவாக்கில் அறுக்க 10 அங்குல கார்பைடு பிளேடில் 24 பல் போதும்; மெதுவாகத் தள்ளவும். கருகல் வாடை வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. வெளிறிய ஓரத்தைக் கழித்துவிட்டு வைரத்தை (நடுவிலுள்ள கரிய, கெட்டியான பகுதியை) மட்டும் எடுங்கள். அறுத்த பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, முனைகளில் பெயின்ட் பூசி, மூன்று நான்கு வாரம் நிழலில் அடுக்கவும்.

மரத்தின் ரேகை (நார் ஓட்டம்) பின்னிக்கிடப்பதால் இழைப்புளி எந்தப் பக்கம் ஓடினாலும் எங்காவது பிய்க்கும். தாள் கனத்துக்கு மட்டும் சீவி, மிச்சத்தை ஸ்க்ரேப்பரால் (சுரண்டும் இரும்புத் தகடு) சுரண்டுவது நல்லது.

ஸ்க்ரூ முறிவது மரத்தின் குற்றமல்ல, துளையின் குற்றம். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு அடிக்கட்டையில் 3.2 மி.மீ., மேல்கட்டையில் 4.5 மி.மீ. துளை. அரை அங்குலத்துக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதறாவிட்டால் துளை அடைத்துச் சூடேறும். மரையில் மெழுகு தேய்க்கவும். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கிவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஆணி அடிக்கவே கூடாது, விரிசல் விடும். பசையும் இதில் ஆழமாக இறங்காது. சீவிய அன்றே அசிட்டோன் துடைத்து எபாக்ஸி போடுங்கள். கிளாம்ப்பை ஓங்கி முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். நிலைக்குப் பசையை நம்பாமல் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) வைத்து மர ஆப்பு அடிக்கச் சொல்லுங்கள்.