விமானத்தில் ‘ஏசியா’ என்று எழுதியிருந்தால் நஷ்டஈடு கிடைக்காதா?

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவனில் வேலை செய்கிறேன். தைவானில் இருக்கும் தங்கையைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம்–தைபே போய்வர, நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். “தைபே போவது கேஎல்எம் ஏசியா, அது தைவான் கம்பெனி. தாமதமானால் ஐரோப்பிய நஷ்டஈடு கிடையாது” என்று சொல்லி ஏஜென்ட் ஒரு ‘பாதுகாப்புத் திட்டம்’ விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதியை உங்கள் பயம் நிரப்பிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

கேஎல்எம் ஏசியா 1995இல் தைவானில் பதிவான கம்பெனி என்பது சரிதான். ஆனால் அது சீனாவைச் சமாதானப்படுத்தப் போட்ட வேஷம். தைவானைத் தனி நாடாக ஏற்காத பெய்ஜிங், ஒரு நாட்டின் தேசிய விமானம் கொடியோடு தைபேயில் இறங்குவதை விரும்பவில்லை. அதனால் கேஎல்எம் சில விமானங்களில் டச்சுக் கொடியையும் தன் சின்னமான கிரீடத்தையும் எடுத்துவிட்டு ‘ஏசியா’ என்று எழுதியது. உள்ளே அதே பைலட், அதே சிப்பந்திகள், பதிவு எண்கூட நெதர்லாந்துடையதுதான்.

இந்த வழியைத் தொடங்கி வைத்தது ஜப்பான். 1974இல் சீனாவோடு விமான ஒப்பந்தம் போட்டபோது, தைவான் விமானங்களில் இருக்கும் சின்னத்தைத் தேசியக் கொடியாகக் கருதவில்லை என்று ஜப்பான் வெளியுறவு அமைச்சர் ஒஹிரா சொன்னார். தைவான் கோபித்துக்கொண்டு விமானப் போக்குவரத்தையே அறுத்தது. மறுவருடம் ஜப்பான் ஏர்லைன்ஸ், ‘ஜப்பான் ஏசியா ஏர்வேஸ்’ என்று ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் பறந்தது. அது 2008 வரை ஓடியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டஸ், ஏர் பிரான்ஸ் எல்லாம் பின்னாலேயே வந்தன. வளர்ந்த அரசுகள் உட்கார்ந்து பேசித் தீர்க்காமல் பெயின்ட் அடித்துத் தீர்த்த விவகாரம் இது. குழம்புவது மட்டும் பயணி.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். ஐரோப்பிய விதி 261/2004 விமானத்தின் மேல் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. போகும்போது ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த நிறுவனமானாலும் விதி பொருந்தும். இந்தத் தூரத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ. சூறாவளி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது.

திரும்பும்போதுதான் ஒரு சிக்கல், இதை நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே கிளம்பும் விமானத்தை ஐரோப்பிய நிறுவனம் இயக்கினால்தான் விதி பொருந்தும். டிக்கெட்டில் ‘கேஎல்’ என்று தொடங்கும் கேஎல்எம் விமான எண் இருப்பது மட்டும் போதாது. ஒரே விமானத்துக்கு இரண்டு நிறுவனங்கள் தங்கள் எண்ணைப் போட்டு விற்பது வழக்கம். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘இயக்குபவர்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே கேஎல்எம் என்றிருந்தால் கவலையில்லை, விமானத்தில் ‘ஏசியா’ என்றிருந்தாலும்தான். அங்கே தைவான் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், தைபேயிலிருந்து திரும்பும் பயணத்துக்கு இந்த நஷ்டஈடு கிடையாது. எண் ஒன்று, இயக்குபவர் வேறு. உங்கள் ஏஜென்ட் இதைச் சொல்லியிருந்தால் அவரைப் பாராட்டியிருப்பேன். இன்னொன்று, சைனா ஏர்லைன்ஸ் தைவானுடையது, ஏர் சைனா பெய்ஜிங்குடையது. இரண்டையும் மாற்றி விற்கும் ஆட்களும் உண்டு.

எனக்கு ஏஜென்ட்டைவிடப் பெரிய எரிச்சல் ‘நஷ்டஈடு வாங்கித் தருகிறோம்’ என்று வலை விரிக்கும் கமிஷன் கம்பெனிகள் மேல்தான். நீங்களே பத்து நிமிடத்தில் நிரப்பக்கூடிய படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய பங்கை எடுத்துக்கொள்வார்கள். முதலில் நேராக விமான நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. மறுத்தால் அப்புறம் வக்கீலைத் தேடலாம். நெதர்லாந்தில் 2 வருட அவகாசம் இருக்கிறது. அதுவரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள். தாமதத்தின்போது கவுன்ட்டரில் வவுச்சரை நீட்டினால், பணத்துக்குப் பதிலாகத்தான் தருகிறார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.