மிதிக்கும்போது ‘டக்’ என்ற சத்தம்: குற்றவாளி பாட்டம் பிராக்கெட்தானா?

கேள்வி: என்னுடையது அலுமினிய ஃபிரேம் கொண்ட ரோடு பைக். மருதமலைச் சாலையில் ஏறும்போது வலது காலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து ‘டக்’ என்று சத்தம் வருகிறது. சமதளத்தில் மெதுவாக ஓட்டினால் வருவதில்லை. இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட்டைக் கடையில் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். சில நாள் அமைதியாக இருந்துவிட்டு மறுபடியும் தொடங்கிவிடுகிறது. மூன்றாவது முறையும் மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாற்றியபின் சில நாள் அமைதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். பாகத்தை மாற்றுவதற்காகப் பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டியிருப்பார்கள். சத்தத்தைச் சில நாள் அடக்கியது புதிய பாகமாக இல்லாமல் அந்தப் புதுக் கிரீஸாகவே இருக்கலாம்.

பேரிங் தேய்ந்தால் எழும் ஓசை பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். அது கரகரப்பாகவோ மெல்லிய உறுமலாகவோ சுற்று முழுவதும் கேட்கும். கிராங்க்கைக் கையால் சுழற்றினாலும் விரலுக்குத் தெரியும். அழுத்தும்போது மட்டும், அதுவும் சுற்றின் ஒரே இடத்தில் ‘டக்’ என்று வருவது, ஒன்றோடொன்று அசையாமல் இருக்க வேண்டிய இரண்டு பரப்புகள் பாரம் ஏறும்போது மயிரிழை அளவு நழுவித் திரும்புவதால் உண்டாகும் சத்தம். அந்த இரண்டு பரப்புகளும் காய்ந்திருக்கலாம், இடையில் மண் புகுந்திருக்கலாம், அல்லது போதிய இறுக்கம் இல்லாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட இணைப்புகள் சைக்கிளில் எத்தனையோ உள்ளன. அவற்றில் எது சத்தமிட்டாலும் உள்ளீடற்ற ஃபிரேம் குழாய்கள் வீணையின் குடம்போல அதை வாங்கிப் பெருக்கிவிடுவதால், எல்லாமே காலடியிலிருந்து வருவதாகத்தான் காதுக்குப் படும். ஆகவே காதை மட்டும் நம்பிப் பணம் செலவழிப்பது சரியல்ல.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அதே ஏற்றத்தில் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட் போஸ்ட்டையும் சீட்டின் அடிக்கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பையும் பார்க்க வேண்டும். நின்று மிதித்தாலும் தொடர்ந்தால் அடுத்துப் பெடலைச் சந்தேகியுங்கள்: நண்பர் ஒருவரின் பெடல்களை வாங்கிப் பூட்டி, ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டின் திருகுகளையும் இறுக்கி, அதே ஏற்றத்தில் ஏறுங்கள். பெடல் மரையில் கிரீஸ் காய்ந்துபோவதுதான் மிக அதிகமாகப் பாட்டம் பிராக்கெட்டின் தலையில் விழும் பழி என்பது என் கருத்து. மரையைத் துடைத்து, கிரீஸ் பூசி, 35 முதல் 55 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கு விசையின் அலகு) வரை இறுக்க வேண்டும் என்பது ஷிமானோ நிறுவனப் பெடல்களுக்கான அளவு. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் கவனியுங்கள். கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் பெடல், கிராங்க், செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட், பாட்டம் பிராக்கெட் ஆகிய நான்கில் ஒன்று. 34 பல் செயின்ரிங்கில் ஓடும்போது ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால், செயினில் இறுகிப்போன ஒரு கண்ணி பல்லில் ஏறும் ஓசையாக இருக்கலாம். பின்சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஒத்து வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். பின் அச்சு ஃபிரேமில் உட்காரும் இடமும், கியர் மாற்றும் பின் டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கரும் பலர் தேடாத இடங்கள். ஹேங்கரைக் கழற்றி, இரண்டு பரப்புகளையும் துடைத்து, மெல்லிய கிரீஸ் படலம் இட்டுப் பூட்டினாலே மாதக்கணக்கில் தொல்லை கொடுத்த சத்தம் நின்றுபோவதுண்டு.

இவ்வளவும் பார்த்தபின் பாட்டம் பிராக்கெட்டுக்கு வருவோம். உங்கள் சைக்கிளில் இருப்பது மரையிட்ட பி.எஸ்.ஏ. வகை என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் பாட்டம் பிராக்கெட் உட்காரும் ஃபிரேமின் கூடு 68 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பேரிங்கைத் தாங்கும் கப் கூட்டின் இருபுறமும் திருகப்பட்டிருக்கும்: செயின் பக்கக் கப்பில் இடதுகை மரை, மறுபக்கம் சாதாரண மரை. கப்பைக் கழற்றியதும் உடனே துடைத்துவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்த கப்பின் மரைகளில் கிரீஸ் தன் நிறம் மாறாமல் ஒட்டியிருக்கும். சத்தமிட்ட கப்பிலோ, மரைகளுக்கு நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் நைசான பசை படிந்திருக்கும். கப்பின் விளிம்பு ஃபிரேமில் உட்காரும் இடத்தில் சில பகுதி மட்டும் கண்ணாடிபோல் மின்னும். அந்தப் பசை அலுமினியமும் அலுமினியமும் உராய்ந்து உதிர்ந்த தூள் கிரீஸோடு கலந்தது. மின்னும் பகுதி விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் கூட்டின் முகம் மட்டமாக இல்லை என்று பொருள். அப்படியானால் எத்தனை புதிய பாட்டம் பிராக்கெட் பூட்டினாலும் சத்தம் திரும்ப வரும். முகத்தைச் சீவி மட்டப்படுத்தும் கருவி எல்லாக் கடைகளிலும் இருக்காது. இருக்கும் கடையைத் தேடிப் போவதே நல்லது.

மட்டமாக இருந்தால் வேலை எளிது. கூட்டின் மரைகளையும் கப்பின் மரைகளையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தப்படுத்தி, தாராளமாகக் கிரீஸ் பூசி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகைக் கிராங்க்குக்கான கப்புகளுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வேண்டும். கையால் ‘நன்றாக இறுக்கிவிட்டேன்’ என்று சொல்வோரில் பலர் இந்த அளவை எட்டுவதில்லை. பிறகு இடது கிராங்க்கின் பிளாஸ்டிக் மூடியை 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது பக்கவாட்டு ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகி, அதே கிராங்க்கை அச்சோடு பிடிக்கும் இரண்டு திருகுகளையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது.

கேள்வி: என் கார்பன் ஃபிரேமில் இருப்பது மரையில்லாத பிரஸ்ஃபிட் வகை. ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை முனகத் தொடங்கிவிடுகிறது. பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். இந்த அமைப்பே கோளாறானதா?
– வாசகி, சென்னை

பதில்: அமைப்பில் கோளாறு என்பதைவிட, அது உற்பத்தியில் எதிர்பார்க்கும் துல்லியம் பல ஃபிரேம்களில் கிடைப்பதில்லை என்பதே சரி. மரையிட்ட கப்பை இறுக்கிப் பிடிப்பது மரை. பிரஸ்ஃபிட்டில் துளையும் கப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவு மட்டுமே பிடிமானம். துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பெரிதாக இருந்தாலோ, முழு வட்டமாக இல்லாவிட்டாலோ, இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டாலோ, ஒவ்வொரு மிதிக்கும் கப் அசையும்.

கேனன்டேல் நிறுவனம் உருவாக்கி 2006இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பி.பி.30 முறையில் 42 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங்கே நேரடியாக உட்கார்ந்தது. எடை குறைந்தது, அச்சும் 30 மில்லிமீட்டராகத் தடித்தது. ஆனால் சத்தம் பற்றிய புகார்கள் ஓயவே இல்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020இல் வெளியிட்ட டார்மாக் எஸ்.எல்.7 ரோடு பைக்கில் மரைக்குத் திரும்பியது. கேனன்டேலும் பின்னர் தன் சூப்பர்சிக்ஸ் ஈவோவில் பி.எஸ்.ஏ. மரையையே வைத்தது. புதிதாக ரோடு பைக் வாங்க எண்ணுவோர் மரையிட்ட ஃபிரேமையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி உங்கள் மெக்கானிக் சொன்ன பசை. அது சாதாரணப் பசையாக இருக்கக் கூடாது. உலோகக் கப்பு அல்லது பேரிங் உலோகக் கூட்டில் உட்காரும் இடத்தில் லாக்டைட் 609 போன்ற பிடிமானத் திரவம் பயன்படும். இரண்டு பரப்புகளையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, அதற்குரிய பிரைமர் இட்டு, சொல்லப்பட்ட நேரம் உலரவிட வேண்டும். கப் பிளாஸ்டிக்காக இருந்தால் இத்தகைய திரவங்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் உண்டாக்கக்கூடும் என்பதால், ஃபிரேம் நிறுவனத்தின் கையேட்டில் சொல்லியிருந்தாலன்றித் தொடாதீர்கள். இரண்டு கப்புகளும் கூட்டின் நடுவே ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் உலோக வகை இப்போது கிடைக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்துப் பிடிப்பதால், பசையைவிட அதையே முதலில் முயலச் சொல்வேன். எதைச் செய்தாலும் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டாம். கோணலாக ஒருமுறை ஏறினால் துளையே கெட்டுவிடும். அதற்கென்றுள்ள பிரஸ் கருவியில்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் ஓட்டுபவன் நான். மழைக்காலம் முடிந்ததும் தவறாமல் சத்தம் வருகிறது. வராமல் தடுக்க என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: மழைநீர் பெரும்பாலும் பேரிங் வழியாக நுழைவதில்லை. சீட் போஸ்ட் செருகும் இடத்தில் கசிந்து, சீட் குழாய் வழியே இறங்கி, பாட்டம் பிராக்கெட் கூட்டில் குளமாகத் தேங்குகிறது. நனைந்து திரும்பிய அன்றே சீட் போஸ்ட்டை உருவிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வடியவிடுங்கள். கூட்டின் அடியில் சிறு துளை இருந்தால் அதை மண் அடைத்திருக்கிறதா என்று பார்த்து ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். சீட் போஸ்ட்டைத் திரும்பச் செருகும்போது உலோகத்துக்குக் கிரீஸ், கார்பனுக்கு அதற்குரிய பேஸ்ட்.

வாட்டர் சர்வீஸில் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் தண்ணீரை ரோடு பைக்குக்கு அடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தம் பேரிங்கின் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போய்விடும். டபிள்யூ.டி.40 போன்ற மெல்லிய எண்ணெயைக் கிராங்க் இடுக்கில் பீய்ச்சினால் சத்தம் அப்போதைக்கு அடங்கும். உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். கடற்காற்றில் ஓடும் எஃகு அல்லது டைட்டானிய ஃபிரேமில் அலுமினியக் கப் பூட்டும்போது, வெறும் கிரீஸுக்குப் பதில், மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பூசுவது நல்லது. உப்பு ஈரத்தில் வேறுபட்ட இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் மரை அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு கப்பைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், அதாவது ஜனவரியில், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கப்புகளைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய இருபத்தாறு அங்குலச் சைக்கிளிலும் மிதிக்கும்போது இதே ‘டக் டக்’. அதற்கும் இந்தச் சோதனைகள் பொருந்துமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதில் முதலில் பார்க்க வேண்டியது காட்டர் பின். கிராங்க்கை அச்சோடு பிடிப்பது அந்த ஆப்பு ஒன்றுதான். தேய்ந்தால் மிதிக்கும்போது கிராங்க் அச்சின் மேல் நழுவும். நட்டை மட்டும் முறுக்கினால் மரை அறுந்துபோகும். கிராங்க்குக்கு அடியில் இரும்புக் கட்டை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கியபின் நட்டை இறுக்க வேண்டும். பின்னின் சாய்ந்த முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதியது போடுங்கள். இரண்டு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் செருகப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே திசையில் இருந்தால் இரண்டு பெடல்களும் நேர்கோட்டில் நிற்கா.