சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வியர்த்த சட்டையோடு அலுவலகத்தில் நுழைவது மரியாதைக் குறைவா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர், சைக்கிள் வாங்கியாகிவிட்டது, நனைந்த ஃபார்மல் சட்டையோடு போய் நிற்கலாமா, உடையை எங்கே மாற்றுவது. ஃபார்மல் சட்டை என்றதால் நீங்கள் ஆண் என்று வைத்துக்கொள்கிறேன். 'போய் நிற்கலாமா' என்ற கூச்சத்தைப் பார்த்தால் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் ஏழு வருடமாக வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் போய்வருகிறேன். பாடி, மண்ணூர்ப்பேட்டை வழியாக ஆறு, ஆறரை கிலோமீட்டர். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. 'பஸ்ஸில் போகலாமே', 'ஒரு ஸ்கூட்டி வாங்க வழியில்லையா' என்று கிளம்பி வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஸ்கூட்டி இருக்கிறது, வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போகிறார். அவர் எடுக்காத நாளிலும் நான் சைக்கிளில்தான் போகிறேன். யாரையும் திருத்துவதற்காக இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்விக்கு வருகிறேன். வியர்க்க விறுவிறுக்க இறங்கலாம், தப்பே இல்லை. அப்படியே போய் நாற்காலியில் உட்காரக் கூடாது. நடுவில் இருபது நிமிடமும் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறையும் வேண்டும். இருபது நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது, சீக்கிரம் கிளம்பினால் கிடைத்துவிடும். அறைதான் பாடு.

எனக்கு அது எப்படிக் கிடைத்தது என்பது கொஞ்சம் அவமானமான கதை. சேர்ந்த முதல் வருடம், ஐப்பசி மழை. காலையில் கிளம்பும்போது தூறல்கூட இல்லை. பாடி மேம்பாலத்தை நெருங்கும்போது கொட்ட ஆரம்பித்தது. ரெயின்கோட் போட்டிருந்தால் மட்டும் என்ன, சென்னைப் புழுக்கத்தில் ரெயின்கோட்டுக்குள் உள்மழை ஒன்று தனியாகப் பெய்யும். அலுவலகம் போய் ரெஸ்ட்ரூமில் மாற்றுத் துணி போட்டுக்கொண்டேன். தரையெல்லாம் என் காலடிச் சேறு. நனைந்த சுடிதார் பேன்ட்டையும் துப்பட்டாவையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் திணித்தால் சாயங்காலம் முடைநாற்றம் வரும். ஏசி காற்று படட்டும் என்று ஃபைல் ரேக்கின் ஓரத்தில் தொங்கவிட்டேன். மறந்தும் போனேன்.

பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்தார்கள். அந்த ரேக்கிலிருந்துதான் ஃபைலை எடுக்க வேண்டும். என் மேலதிகாரி எழுந்துபோய், ஒன்றுமே நடக்காத மாதிரி, ஈர பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கி நகர்த்திவிட்டு ஃபைலை எடுத்தார். ஃபைலின் முதுகில் நீலச் சாயம் இறங்கியிருந்தது. அந்த இரண்டு விரல் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

மதியம் எச்ஆர் பெண் கூப்பிட்டாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கதவைச் சாத்திவிட்டு, "மேடம், ஒரு ஃபீட்பேக் வந்திருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். ஈரத்துணி பற்றிச் சொன்னது நியாயம், தலையாட்டினேன். அப்புறம் ரெஸ்ட்ரூமில் உடை மாற்றுவது பற்றி வந்தது. அதுவும் சரி, காலை நேரத்தில் ஒரு கதவை நான் பத்து நிமிடம் அடைத்துக்கொண்டு நின்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம்... ஸ்மெல்னும் சொல்றாங்க" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மிதிக்கவே தெம்பில்லை, மண்ணூர்ப்பேட்டை வரை தள்ளிக்கொண்டே போனேன்.

இதில் என்னை உறுத்தியது என் தப்பு மட்டும் இல்லை. எங்கள் விற்பனைப் பிரிவு மேலாளரும் மாதத்துக்கு இரண்டு நாள் அண்ணா நகரிலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய சைக்கிள் விலையில் என்னுடையதைப் போல ஏழெட்டு வாங்கலாம். தொடையோடு ஒட்டிய டவுசரில், அடியில் இரும்பு வைத்த ஷூ டக் டக்கென்று சத்தம் போட, ரிசப்ஷனைக் கடந்து போவார். முதுகில் வியர்வை வரைபடம் போட்டிருக்கும். அவருக்கு எந்த ஃபீட்பேக்கும் போனதில்லை. ஜூன் 3 உலக சைக்கிள் தினம் என்று 2018இல் ஐ.நா. அறிவித்ததிலிருந்து ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்களே, எங்கள் இடத்திலும் ஒரு வருடம் நோட்டீஸ் போர்டுக்குப் படம் எடுத்தார்கள். தினமும் சைக்கிளில் வருகிறவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். என் சைக்கிளைக் கூப்பிடவில்லை. அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். என் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒருவர், "அரசாங்கம் குடுத்ததா?" என்று வேறு கேட்டார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும், அந்த மேலாளர் நல்ல மனிதர். டயர் கழற்றிப் பஞ்சர் ஒட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நான் சொல்வது அவரைப் பற்றி இல்லை.

அரசாங்க சைக்கிள் என்றால் கேவலமா என்ன? எனக்கும் பதினொன்றாம் வகுப்பில் ஒன்று கிடைத்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005 வாக்கில் எல்லாருக்கும் வந்தபோது. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், ஆயிரக்கணக்கில். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு பால்வாடிக்கு வேலைக்குப் போவார்.

உடை நாகரிகம் என்று யாராவது பேசினால் எனக்கு அம்மாவின் காலைநேரம்தான் ஞாபகம் வரும். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி, கொடியில் துணி காயப்போடும் க்ளிப் ஒன்றை மாட்டிக்கொள்வார். பால்வாடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் இறங்கி, க்ளிப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். சேலையை உதறி இறக்கி, செம்புத் தண்ணீரில் முகமும் காலும் கழுவி, முந்தானையால் என் முகத்தையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்த மரத்தடியில் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அந்த மரத்தடி கிடைத்தது தொழிற்சாலைக்குள்ளேயே. எச்ஆர் கதை எப்படியோ கேன்டீன் வரை போய்விட்டது. அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் ஒரு பெண் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க ரூமுக்கு வாங்கக்கா. மூணு பாத்ரூம் இருக்கு, லாக்கர் சும்மா கெடக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். லைன் பெண்கள் மேல்கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொள்கிற அறை. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கே உள்ளே போய்விடுவதால் எட்டரை மணிக்கு ஆளே இல்லை. கொடி கட்டியிருக்கிறது, வாளி இருக்கிறது. கைகால் கழுவ வசதி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. துணி வைக்கவும் ஈரத்துணி உலர்த்தவும் இடம் கொடுக்கச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்றும் அதற்கடுத்த பிரிவிலேயே வந்தது. பேனா பிடிக்கிறவர்களும் வியர்ப்பார்கள் என்று எங்கள் கட்டடத்தைக் கட்டியவருக்குத் தோன்றவில்லை போல. ஆலைப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் பர்மிஷனா, போய்க்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார். லாக்கர் சாவி இப்போது என் ஐடி கார்டு கயிற்றில் தொங்குகிறது.

ஆகவே முதல் வேலையாக அறையைத் தேடுங்கள். எச்ஆரிடம் கேட்பதற்கு முன்னால் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும் கேளுங்கள். எந்த மாடியில் பழைய ஷவர் பூட்டிக் கிடக்கிறது, எந்த ரெஸ்ட்ரூமுக்குப் பத்து மணி வரை ஆள் வராது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மற்றபடி என் பழக்கம் இது. பேன்ட், ஷூ இரண்டையும் அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள், சட்டை மட்டும் தினமும் போய்வரட்டும். இஸ்திரி போட்ட சட்டையைப் பழைய செய்தித்தாளை நடுவில் வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கேரியரில் கட்டினால் அதிகம் கசங்காது. பையை முதுகில் மாட்டாதீர்கள், இதை மட்டுமாவது கேளுங்கள். முதுகுப்பை இருந்தால் முதுகு முழுக்க ஊறிவிடும், கேரியரிலோ கூடையிலோ வைத்தால் பாதி வியர்வை மிச்சம். இறங்கியதும் ஓடிப்போய்க் குளிக்காதீர்கள். மிதிப்பதை நிறுத்தின பிறகும் உடம்பு பத்து நிமிடம் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். அவசரமாகக் கழுவிப் புதுச் சட்டை போட்டால் அதுவும் நனையும். நான் அந்தப் பத்து நிமிடம் செக்யூரிட்டி அண்ணனோடு பேசிக்கொண்டு நிற்பேன், ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

துடைப்பதற்குக் கனமான டர்க்கி டவல் வேண்டாம், சாயங்காலம் வரை காயாது. மெல்லிய ஈரோட்டுத் துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஓட்டும்போது போடுகிற பாலியஸ்டர் டிசர்ட்டை அன்றன்றே துவைத்துவிடுங்கள். வியர்வைக்கென்று தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது, தோலில் இருக்கிற கிருமிகள் அதில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் நாறுகிறது. பாலியஸ்டர் அந்த வாடையைப் பருத்தியைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கழுவாமல் மேலே சென்ட் அடிப்பது இரண்டையும் சேர்த்து நாறடிக்கும் வேலை. வலதுகால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், இல்லாவிட்டால் செயின் மை ஒட்டும். ஒட்டிவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவிக் கரைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போடுங்கள். பெண்கள் யாராவது படித்தால்: துப்பட்டா பைக்குள் போகட்டும். கழுத்தில் சுற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் பின்சக்கரத்தில் மாட்டும் வரைக்கும்தான்.

நாற்றம் என்றதும் இன்னொன்று. எச்ஆர் என்னைக் கூப்பிட்டுப் பேசின அதே மாதம் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: 'கடும் வாசனையுள்ள உணவுகளை' மைக்ரோவேவில் சூடுபடுத்த வேண்டாம். பெயர் போடவில்லை, ஆனால் முந்தின நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தது நானும் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒருவரும்தான். அன்றாடம் பூண்டு ரசமும் வெங்காய சாம்பாரும் அதே பெட்டியில்தான் சூடாகின்றன, அது யார் மூக்கையும் தொடவில்லை. மல்லிகை வாசனை என்று சொல்லி ஒரு ஸ்ப்ரேயை மணிக்கு ஒரு தரம் தானாகவே பீய்ச்சுகிற டப்பாவைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், அதில் எனக்குத் தலைவலி வருகிறது. அதற்கு யாரிடம் ஃபீட்பேக் கொடுப்பது? சரி, இது நீங்கள் கேட்டதில்லை. கருவாட்டை நான் இப்போதும் கொண்டுபோகிறேன், ஆறின குழம்பாகவே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

கத்திரி வெயிலில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் அந்த நாட்களில் மட்டும் பஸ்ஸில் போங்கள், யாரும் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். நானே போன வருடம் பாதி மே மாதம் ஷேர் ஆட்டோதான்.

முதல் நாளே சைக்கிளை எடுக்காதீர்கள். திங்கட்கிழமை எப்போதும் போல பஸ்ஸில் போய், பேன்ட், ஷூ, துண்டு, சோப்பு டப்பா எல்லாவற்றையும் வைத்துவிட்டு வாருங்கள். செவ்வாய் காலை கிளம்புங்கள். பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். எங்கள் மேலாளர் இரண்டு தடவை மறந்துவிட்டு, நாள் முழுக்க ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்க, பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே மீட்டிங் நடத்தினார்.